துறைமுகத்தை நோக்கிச் சென்ற மரவள்ளி வண்டி

எங்கும் நிறைந்தும், அழைப்பவர் அருகே வந்தமரும் ஆறுமுகப் பெருமான் அடிபணிந்து, வைகாசி விசாகமாகிய இந்நன்னாளில், பின்னவர்க்கு உதவும் என நம்பி இதனை எழுதுகிறேன்.

1. கடலைப் பார்த்த கிடங்கு

ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில், மலாக்காவின் கடலோரப் பகுதியான பண்டார் ஹிலிரில், காதர் முதலாளியின் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். முன்பு அரிசி கப்பலில் வந்ததால் கிடங்கு கடலோரம் அமைந்திருந்தது. கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. உள்ளே தள்ளியிருந்த பத்து பெரெண்டாம் என்ற ஊரில் விளைந்த மரவள்ளிக் கிழங்கே ஊருக்கு உணவாயிற்று. ஆயினும் மாவு எடுக்கும் வேலையையும் கடலோரத்திலேயே வைத்தோம். வேறிடம் எவர் சிந்தையிலும் தோன்றவில்லை.

2. காஜா பெராங்கில் படுத்த மாடு

ஒரு காலை, கிழங்கு ஏற்றிய வண்டிக்காரர் வேலுவின் மாட்டு வண்டியோடு கிடங்குக்கு வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில், காஜா பெராங் சாலையில் மாடு படுத்துவிட்டது. தாமதித்தால் கிழங்கு கறுத்துவிடும். வெள்ளிக்கிழமைதோறும் பங்கு மாவுக்காகக் கிடங்கு வாசலில் வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு மாவு இராது.

"எழுந்திருடா ராசா, ஜப்பான்காரன் பார்த்தா உன்னைக் கறியாக்கிருவான்!" என்று வேலு கெஞ்சினார். மாடு அசையவில்லை.

செட்டிக் குடியிருப்பைச் சேர்ந்த மீனாட்சி அக்கா எட்டிப் பார்த்தார். பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர் வழிவந்தவர்; வீட்டில் மலாய்தான், தமிழ் வராது. "புவாட் அப்பா பாவா ஜாவ்-ஜாவ்? சினி பாருட்லா!" என்றார். எதற்கு அவ்வளவு தூரம் சுமக்கிறீர்கள், இங்கேயே துருவுங்கள் என்பது பொருள்.

அவர் வீட்டு முற்றத்தில் கிணறு இருந்தது. பெண்கள் ஆணியடித்த தகரங்களுடன் வந்தனர். துருவிப் பிழிந்து, தெளியவைத்து, மாவை வெயிலில் பரப்பினோம்.

செய்தி கேட்டு முதலாளி சைக்கிளில் வந்தார்.

"ஏண்டா தம்பி, என் கிடங்கு நடந்து இங்க வந்திருச்சா?"

"கிடங்கு வரல முதலாளி, மாடுதான் போகல," என்றார் வேலு.

முதலாளி மாவை விரலால் தொட்டார். குவிந்திருந்த தோலையும் ஓடிய நீரையும் பார்த்தார். "இத்தனை நாளா இந்தத் தண்ணியையும் தோலையுமா மாடு இழுத்துச்சு?" என்று சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை, காய்ந்து எடை குறைந்த மாவு சைக்கிளிலேயே கிடங்குக்குப் போயிற்று. வரிசையில் எவரும் வெறுங்கையுடன் திரும்பவில்லை. அடுத்த வாரமே துருவும் சக்கரம் காஜா பெராங்குக்கு வந்தது. அதையொட்டி ஒரு காப்பிக் கடை, பின்பு வண்டிப் பட்டறை.

3. பின்னாள்

பிற்காலத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் பணியாற்றினேன். முதலில் துறைமுகம் வளர்ந்தால் ஊரெல்லாம் வளரும் என்றனர் திட்டமிடும் அதிகாரிகள். பிறகு ஆங்காங்கே வளர்ச்சி மையம் நாட்ட வேண்டும் என்றனர். பிறகு அந்தந்த இடத்து மக்களின் திறத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்றனர். ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் வரைபடம் விரிக்கப்படும் போதெல்லாம் நான் கேட்டது ஒன்றே: "அங்கே இருக்கிற கிணறு யாருடையது? அவங்களக் கேட்டீங்களா?"

இதைப் படிப்போர் யாவரும், தாம் நிற்கும் இடத்திலேயே நீரும் நெல்லும் நல்ல அண்டையாரும் பெற்று நீடு வாழ்க.