வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த ஒட்டகம்

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்கவைத்தது பாலைவனமும் இல்லை, பளபளக்கும் கட்டடங்களும் இல்லை. துபாய்ப் பக்கம் அல் ஐன் ஊரில் ஒரு ரவுண்டானா ஓரம் இரண்டு கார்கள் இடித்துக்கொண்டு நின்றதுதான். ஒன்றின் மூக்கு உடைந்திருக்கிறது, இன்னொன்றின் கதவு உள்ளே போயிருக்கிறது. டிரைவர்கள் இருவரும் இறங்கி, சலாம் சொல்லிக்கொண்டு, ஆளுக்கொரு காரில் சாய்ந்து நிற்கிறார்கள். சத்தம் இல்லை, சட்டையைப் பிடிக்கவில்லை, கூட்டம் கூடவில்லை. பின்னால் வருகிறவர்கள்கூட ஒதுங்கி அவரவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். என்னய்யா இது, நம் ஊரில் சைக்கிளும் சைக்கிளும் மோதினாலே நாலு பேர் பஞ்சாயத்துக்கு வந்துவிடுவார்களே என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். போலீஸ் வரும்வரை வண்டியை ஒரு சாண்கூட நகர்த்தக் கூடாது, நகர்த்தினவன் தலையில்தான் எல்லாம் விடியும், அதுதான் இங்கே சட்டம் என்று ரூமில் சொன்னார்கள். நன்றாகக் கேட்டுத் தலையாட்டினேன். காது கேட்டுக்கொண்டது. கால் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போது தெரியாது.

ஏனென்றால் என் கால் புதுக்கோட்டைப் பக்கத்து ரோடுகளில் பழகிய கால். அங்கே லாரி ஓட்டிய காலத்தில் ஒருமுறை, அறந்தாங்கி போகும் வழியில் ஒரு ஆட்டை இடித்துவிட்டு, மனசு கேட்காமல் நிறுத்தி இறங்கினேன். அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்தார்களோ, கண் மூடித் திறப்பதற்குள் ஒரு கூட்டம். அதுவரை யாருமில்லாமல் மேய்ந்த ஆட்டுக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடினார்கள். கிழட்டுக் கிடாய் என்று என் கண்ணாலேயே பார்த்தேன். சினை ஆடு, இரட்டைக் குட்டி என்று ஒருத்தர் சத்தியம் செய்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு அடி விழுந்தது. என் முன்பல்லில் பாதி அந்த ரோட்டில்தான் கிடக்கிறது. அன்றைக்கு உயிர் தப்பியதே பெரிய புண்ணியம். அதற்குப் பிறகு நம் ஊர் டிரைவர்கள் எல்லாரும் செய்வதையே நானும் செய்யக் கற்றுக்கொண்டேன். அடிபட்டது எதுவாக இருந்தாலும் நிற்காதே, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு வண்டியை விடு, அங்கே போய் நடந்ததைச் சொல். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அது ஓடி ஒளிவது இல்லை. உயிரோடு போய்ச் சரணடைவது.

அல் ஐனில் எனக்கு ஒரு பேக்கரியில் வேன் ஓட்டும் வேலை. குபூஸ் என்று இங்கே சொல்லும் தட்டை ரொட்டியைப் பொட்டலம் பொட்டலமாக ஏற்றிக்கொண்டு, துபாய் ரோட்டில் இருக்கும் சின்னச் சின்ன மளிகைக் கடைகளுக்குப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ரோடு நேர்கோடு போட்ட மாதிரி போகும். இரண்டு பக்கமும் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் மணல். வழியில் ஒட்டகப் படம் போட்ட முக்கோணப் பலகை ஒன்று வரும். அதைத் தாண்டும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்துவிடுவேன். காரணம் என் ரூம்காரர் சாகுல். தொண்டிக்காரர், துபாய் சத்வாவில் துணிக்கடையில் இருந்துவிட்டு அல் ஐனுக்கு வந்தவர், நல்ல மனுஷன், ஆனால் வாயைத் திறந்தால் பயமுறுத்தாமல் மூடமாட்டார். "மனுஷன இடிச்சாக்கூடத் தப்பிச்சுக்கலாம் மாப்ள, ஒட்டகத்தை இடிச்சே, தொலைஞ்சே. பொட்டை ஒட்டகமா இருந்தா அது இனிமே போடப்போற குட்டிக்கெல்லாம் சேத்து வாங்கிப்புடுவாங்க. ரேஸ் ஒட்டகமா இருந்தா உன் மவன் பெரியவனாகி வந்து மிச்சத்தைக் கட்டணும். அதுவரைக்கும் நீ உள்ளதான்" என்பார். பாஸ்போர்ட் கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம் இருக்கிறது, பாஷை தெரியாது, கேட்க நாதியில்லை. இவர் சொல்வதில் பாதி பொய் என்று தெரிந்தாலும் எந்தப் பாதி என்று தெரியாமல்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் பிற்பகல், அசர் தொழுகைக்கான பாங்கு முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். காலையிலிருந்தே காற்று. மணல் ரோட்டின் குறுக்கே பாம்பு போல ஊர்ந்துகொண்டிருந்தது. முன்னால் போகிற வண்டி தெரியவில்லை. மெதுவாகத்தான் வந்தேன், அது கடவுளுக்குத் தெரியும். வலது பக்கம் வேலியில் ஒரு கேட் உண்டு, உள்ளே இருக்கும் ஒட்டகத் தொழுவத்துக்குப் போகிற வழி. அதன் நேரே வந்தபோது, மணல் மூட்டத்துக்குள்ளிருந்து நான்கு நீண்ட கால்கள் மட்டும் நடந்து வந்தன. உடம்பைப் பார்க்கவேயில்லை. பிரேக்கை மிதித்தேன், ஸ்டியரிங்கை ஒடித்தேன், வேனின் வலது மூலை பின்னங்காலில் இடித்தது. கண்ணாடியில் விரிசல் ஓடியது. பின்னால் ரொட்டிப் பொட்டலங்கள் சரிந்து விழுந்தன. அது ரோட்டில் மடிந்து உட்காருவதையும், கழுத்தைத் தூக்கி ஒரு சத்தம் போடுவதையும் பார்த்தேன். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! ஒரு பெரிய கதவை வலிக்க வலிக்கத் திறக்கிற சத்தம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு கணம் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஓடி வருவது போலத் தெரிந்தது. அவ்வளவுதான், பல் உடைந்த அந்த ரோடு மனசில் வந்துவிட்டது. நகர்த்தக் கூடாது என்ற சட்டமெல்லாம் காற்றில் பறந்தது. கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதித்தது. அடுத்து வந்த போலீஸ் சாவடியில்தான் வண்டி நின்றது.

அங்கே இருந்தவர் பலூச்சிக்காரப் போலீஸ், உருது பேசுவார். எனக்கு நிம்மதிப் பெருமூச்சே வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "பாய், ஒட்டகத்தை இடித்துவிட்டேன், நானே வந்துவிட்டேன், பாருங்கள், நானே வந்துவிட்டேன்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். ஊரில் என்றால், சரி சரி, உட்காரு, தண்ணி குடி என்று சொல்வார்கள். இவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அங்கே ஏன் நிற்கவில்லை?" என்றார். நானே வந்துவிட்டேன் என்று மறுபடி சொன்னேன். "அதைத்தான் கேட்கிறேன். ஏன் வந்தாய்?" என்றார். நான் சொல்வது அவருக்கும், அவர் கேட்பது எனக்கும் புரியவேயில்லை. அடித்துவிடுவார்கள் என்று பயந்தேன் என்றேன். "யார் அடிப்பார்கள்?" உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். வேன் சாவியை எடுத்துக்கொண்டு என்னைத் தன் ஜீப்பில் ஏறச் சொன்னார். போகும் வழியில் அவர் சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்தது. வேலி போட்ட இந்தப் பெரிய ரோட்டில் ஒட்டகம் வந்திருந்தால் குற்றம் அதை விட்டவர் மேல். வேலிக்கு உள்ளே போய் நீ இடித்திருந்தால் எல்லாம் உன் மேல். நின்றிருந்தால் பார்த்த இடத்திலேயே தெரிந்திருக்கும். இப்போது எது என்று நான் எதை வைத்துச் சொல்வேன் என்றார்.

திரும்பிப் போய்ப் பார்த்தால், ஐயோ, ரோட்டில் ஒட்டகமே இல்லை.

பிரேக் போட்ட கோடு இல்லை. ரத்தம் இல்லை. இருந்ததை எல்லாம் மணல் வந்து மூடிவிட்டது. ஒரே ஒரு குபூஸ் பொட்டலம், வேனிலிருந்து விழுந்தது, ரோட்டோரம் பிரிந்து கிடந்தது. ஒட்டகம் வேலிக்கு உள்ளே கிடந்தது. உடைந்த காலை இழுத்துக்கொண்டு, வந்த கேட் வழியாகவே திரும்ப நடந்து போய், தன் தொழுவத்தைப் பார்த்தபடி விழுந்து செத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு குட்டி, தாயின் வயிற்றை மூக்கால் இடித்து இடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பொட்டை ஒட்டகம். குட்டியும் உண்டு. சாகுல் சொன்னது அத்தனையும் ஒன்றாக வந்து என் தலைமேல் உட்கார்ந்தது.

குட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பாலைவனத்தில் ஒட்டகம் வளர்க்கிற பதூக் கிழவர், தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது, கையில் கத்தி. வேலிக்கு அப்பால் ஓடிவந்தது அவராகத்தான் இருக்க வேண்டும். இன்னொருவர் அவருடைய தம்பி மகன் என்று பிறகு போலீஸ் சொன்னார். கத்தியைப் பார்த்ததும் நான் போலீஸ்காரர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். வெட்கமாவது மானமாவது! தம்பி மகன் அரபியில் படபடவென்று பொரிந்தார், என்னைக் காட்டினார், வேன் போன திசையைக் காட்டினார், கேட்டுக்கு உள்ளே இருந்த மணல்வழியைக் காட்டினார். ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் அந்தக் கை சொன்னது தெரிந்தது. இவன் உள்ளே வந்துதான் இடித்தான், இடித்துவிட்டு ஓடினான் என்கிறார். ஓடினதுதான் உண்மையாயிற்றே, யார் என்னை நம்புவார்கள்? மாஃபி, மாஃபி, இல்லை, இல்லை என்று என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. மனைவி முகமும் பையன் முகமும் வந்து போயின. ஜெயிலிலிருந்து கடுதாசி போட விடுவார்களா என்றுகூட யோசித்துவிட்டேன்.

போலீஸ்காரர் கிழவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவர் கேட்டைப் பார்த்தார். கேட் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தம்பி மகன் அவர் கையைப் பிடித்து, காதோரம் ஏதோ சொன்னார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அந்த இடத்தில் என் விதி அந்தக் கிழவரின் வாயில் இருந்தது. உள்ளே வந்து இடித்தான் என்று அவர் சொன்னால் போதும், மறுக்க ஈ காக்கை இல்லை, மணல்கூட அவர் பக்கம்தான் நின்றது. அவர் தம்பி மகன் கையை விலக்கினார். மெதுவாக நாலைந்து வார்த்தைகள் சொன்னார். போலீஸ் என் பக்கம் திரும்பி, "கேட்டைத் திறந்துவிட்டது நான்தான், அவள், அந்த ஒட்டகம், ரோட்டுக்குப் போய்விட்டாள் என்கிறார்" என்றார்.

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். கிழவர் என்னை நோக்கி வந்தார், கத்தி இன்னும் கையில்தான். என் முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்டார். திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். கைகூப்பி, "மன்னிச்சிருங்க பெரியவரே" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். போலீஸ்தான் விளங்கவைத்தார். "நீ விட்டுவிட்டுப் போனபோது அவளுக்கு உயிர் இருந்ததா என்று கேட்கிறார். நீ நின்று குரல் கொடுத்திருந்தால் இடம் தெரிந்து சீக்கிரம் வந்திருப்பாராம். இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி அறுத்து, வலியை முடித்திருப்பாராம். இந்த மூட்டத்தில் தேடி வருவதற்குள் அவளே நடந்து வந்து செத்துப்போய்விட்டாள்." அந்தக் கத்தி எனக்கு எடுத்தது இல்லை. உயிர் இருந்தது என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்? அவரும் தலையாட்டினார். கத்தியை உறையில் போட்டுவிட்டு, ரோட்டோரம் கிடந்த குபூஸைப் பொறுக்கி வந்து குட்டியின் வாயருகே நீட்டினார். அது மோந்து பார்த்துவிட்டு மறுபடி தாயிடமே போய்விட்டது. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

இடத்தை விட்டுப் போனதற்காகப் போலீஸ் என்னைக் கண்டித்து அனுப்பினார். வேனைச் சரிசெய்யும் பொறுப்பும் அந்தக் கிழவர் மேலேயே விழுந்தது என்று பேக்கரி மேனேஜர் சொன்னார். ஒட்டகமும் போய், அதை இடித்த வண்டிக்கும் அவரே பொறுப்பு! ஊரில் இதைச் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். சாகுலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "தப்பிச்சே மாப்ள, அது ரேஸ் ஒட்டகம் இல்ல" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரை அடிக்கக் கை ஓங்கினேன்.

அதற்கு அடுத்த லீவில் ஊருக்குப் போயிருந்தேன். மைத்துனர் காரை வாங்கிக்கொண்டு, நானும் என் மனைவியும் மட்டும் அறந்தாங்கிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பட்டப்பகல், நல்ல வெளிச்சம். கருவேல மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளாடு துள்ளி ரோட்டில் விழுந்தது. பிரேக்கை மிதித்தும் இடித்துவிட்டது. முன்னால் ரோட்டில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. தூரத்தில் டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் எழுந்து நிற்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவர ஆரம்பித்தார்கள். பயத்தில் என் நாக்கு பாதி முன்பல்லைத் தடவிப் பார்த்தது.

"எடுங்க வண்டிய! நிக்காதீங்க, ஸ்டேஷனுக்கு விடுங்க!" என்று என் மனைவி கத்தினாள். சரியாகத்தான் சொன்னாள். ஊரில் பிறந்து வளர்ந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் உயிர் இருந்ததா என்று கேட்ட அந்தக் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது. என்ஜினை அணைத்தேன். இறங்குவதற்குக் கதவைத் தேடி, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும் அல் ஐன் வண்டியில் பழகியபடி, இடது பக்கம் கையை நீட்டினேன். அங்கே கதவு இல்லை, அவள்தான் உட்கார்ந்திருந்தாள். நீட்டிய கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இறங்காதீங்க, உங்களுக்குப் பைத்தியமா? கொன்னுபோட்டுருவாங்க" என்று அழுதாள்.

ஆடு இன்னும் கத்திக்கொண்டிருந்தது. வலது கதவைத் திறந்து காலை ரோட்டில் வைத்தேன். இடது கையை அவள் விடவில்லை.