கழற்றி வைத்த தெர்மோஸ்டாட்

குளிர்நாட்டு நகரமான ஆராவின் வேலைவாய்ப்பு அலுவலகமொன்றில் உறங்கும் கோப்பு இப்படிச் சொல்கிறது: "தவராஜா, வயது 57. துப்புரவு உதவியாளர். தொழிற்பயிற்சி இல்லை. தொழில்நுட்ப அறிவு இல்லை. சொன்னதைச் செய்வார், தானாக எதையும் முடிவெடுப்பதில்லை."

கோப்பை எழுதியவர், கார் மூடியைத் திறந்துவிட்டு அதற்குள் தலையைக் கொடுத்து நிற்கும் தவராஜாவைக் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் மினிபஸ் என்ஜின்களோடு பன்னிரண்டு வருடம் மல்லுக்கட்டிய மனுஷன். இங்கே கிழமை நாட்களில் கந்தோர்த் தரை துடைத்தாலும், சனிக்கிழமை வந்தால் ஆராவ் தமிழரின் கார்களில் பாதி அவர் வாசலில்தான் நிற்கும். 'என்ஜின் தவம்' என்றால்தான் ஆட்களுக்கு விளங்கும். இந்த நாட்டில் அவர் தானாகத் தேடிக்கொண்டது அந்தப் பெயர் ஒன்றுதான். தானாக முடிவெடுக்காதவர் என்பதைப் பற்றி என்ன சொல்ல? யாரும் கேட்காமலே முடிவெடுப்பதுதான் அவருடைய வியாதியே.

ஜனவரியில் ஒரு காலை, கீழ்வீட்டுப் பாலச்சந்திரன் கதவைத் தட்டினார்.

"தவம் அண்ணை, காரில ஹீட்டர் குளிர்காத்துத்தான் ஊதுது. பிள்ளை வின்டர்தூருக்குப் படிக்கப் போய் விறைச்செல்லோ வாறாள். ஒருக்காப் பாருங்கோவன்."

"ஓடவிட்டுத்தான் பாக்கவேணும். இண்டைக்கு நானும் அவளோட போறன்."

பாலச்சந்திரனின் மகள் லக்சனாவுக்கு இருபத்திரண்டு வயது. கழுத்துச் சால்வையைக் காதுவரை இழுத்துவிட்டுக் காரை எடுத்தாள். வெளியே மைனஸ் பதினொன்று.

"அப்பா உங்களைப் புழுகித் தள்ளுறார், மாமா. ஓகஸ்டில கொத்தார்ட் சுரங்கப்பாதை நெரிசல்ல கார் கொதிச்சதெல்லோ, அதை நீங்கள் திருத்தினாப் பிறகு வெப்பமுள்ளு மேல எழும்பவே இல்லையாம்."

தவராஜா அடக்கமாகச் சிரித்து, பெருமையோடு முள்ளைப் பார்த்தார். அது அடியில் படுத்துக் கிடந்தது.

நெடுஞ்சாலையில் ஏறிக் கால்மணி நேரம் ஆன பிறகும் அங்கேயேதான் கிடந்தது. ஹீட்டர் வாயில் கையை வைத்துப் பார்த்தார். விசிறி நன்றாகவே ஊதியது. ரேடியேட்டர்த் தண்ணீரைக் காலையிலேயே பார்த்திருந்தார், குறைவில்லை. வேறென்ன? அப்போதுதான் தன் நிலக்கீழ் அறைத் தட்டிலிருக்கும் ஜாம் போத்தல் அவருக்கு ஞாபகம் வந்தது.

பாலச்சந்திரனின் தெர்மோஸ்டாட் அந்தப் போத்தலுக்குள் இருந்தது. பெட்டி மூடிபோல ஒரு சின்னக் கதவு, அதைத் தள்ளுவதற்கு உள்ளே ஒரு மெழுகுக் குப்பி. என்ஜின் குளிர்ந்திருக்கும்வரை கதவு சாத்தியிருக்கும். தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடாகும். தொண்ணூறு பாகையை அண்டியதும் மெழுகு உருகிப் பருத்துக் கதவைத் தள்ளும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். கூடுதலாக ஆறினால் சுருள்வில் கதவைத் திரும்ப இழுத்துச் சாத்தும். ஓகஸ்டில் அந்தக் கதவு இறுகித் திறக்கவில்லை, கார் கொதித்தது. தவராஜா புதியதொன்று பூட்டியிருக்க வேண்டும். ஊர் வழக்கப்படி, கழற்றியதோடு விட்டுவிட்டார். யாழ்ப்பாணத்தில் என்ஜினுக்கு எதிரி வெயில் ஒன்றுதான். அங்கே அந்த வைத்தியம் பொய்த்ததில்லை. இங்கே ஐந்து மாதமாகக் கதவில்லாத வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. ஹீட்டரும் அதே தண்ணீரில்தான் சூடு எடுக்கவேண்டும்.

சொல்லிவிடலாம். சொன்னால் இரவுக்குள் ஆராவ் முழுக்கத் தெரிந்துவிடும். வின்டர்தூர் போய்ச் சேரட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

இருவரின் மூச்சும் கண்ணாடியில் உட்புறமாக உறையத் தொடங்கியது. லக்சனா கையுறையால் துடைத்தாள். முன்னால் போன லொறியொன்று உப்புச் சேற்றை வாரி அடித்தது. அவள் தண்ணீர் பீய்ச்சி வைப்பரைப் போட்டாள். சுடாத கண்ணாடியில் விழுந்த தண்ணீர் அப்படியே உறைந்தது.

"மாமா! எனக்கு ஒண்டும் தெரியேல்ல!"

பின்னால் இன்னொரு லொறி நீளமாக ஹோர்ன் அடித்தது.

"பிரேக்கை அமத்தாத பிள்ளை! சிக்னலைப் போடு!" தான் இருந்த வலப்பக்க யன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். குளிர் காதைக் கடித்தது. "காலை எடு. மெல்ல வலப்பக்கம். இன்னும் கொஞ்சம். நேராப் பிடி! வெள்ளைக் கோட்டைத் தாண்டு. சரி, இப்ப அமத்து."

கார் அவசரப் பாதையில் நின்றது. லொறி உறுமிக்கொண்டு கடந்துபோக, கார் ஒருமுறை ஆடியது. லக்சனாவின் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை.

கண்ணாடியில் ஒரு முழம் சுரண்டிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து அடுத்த ஓய்விடத்தில் போய் ஒதுங்கினார்கள். அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"உதவி வண்டியைக் கூப்பிடுறன். கார் பழசு மாமா, நீங்கள் என்ன செய்யிறது!"

நல்ல பிள்ளை, தப்பிக்க வழியையும் தானே திறந்துவிட்டாள். கார் பழசுதான். மெக்கானிக் வந்து என்ன சொன்னாலும், "எனக்கு முதல் ஆரோ கை வைச்சிருக்கிறான்" என்று சொல்லிவிடலாம். தவராஜா அவளுடைய கையுறையைப் பார்த்தார். கண்ணாடியில் துடைத்த பனி அதில் இன்னும் ஒட்டிக் கிடந்தது.

"காரில பிழையில்லைப் பிள்ளை. தெர்மோஸ்டாட்டை நான்தான் கழட்டினது. திரும்பப் பூட்டேல்ல."

"விட்டுப்போச்சோ?"

"இல்லை, வேணுமெண்டுதான். ஊரில எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறது."

"இது ஊரோ மாமா?" உறைந்த கண்ணாடியைக் காட்டினாள். "தெரிஞ்சுகொண்டோ பேசாம வந்தனீங்கள்?"

"ஓம். கால்வாசி வழியில தெரிஞ்சுபோச்சு."

"அப்ப நீங்களே திருத்துங்கோ" என்று அவள் தொலைபேசியைப் பைக்குள் போட்டாள். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

டிக்கியில் வாழைப்பழப் பெட்டி ஒன்று கிடந்தது. அதைக் கிழித்து, ரேடியேட்டரின் முன்பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கை மறைத்துக் கயிற்றால் கட்டினார். காற்றுப் படாவிட்டால் தண்ணீர் அவ்வளவு கெதியாக ஆறாது. என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். முள் எழும்பியது. ஹீட்டரில் முதல் வெப்பம் வந்தது.

"முள்ளு நடுவைத் தாண்டினால் உடன நிப்பாட்டு, மட்டையை எடுக்கவேணும்."

"அப்பாவுக்கு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்."

ஓகஸ்டில் தவராஜா பழுதான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அதன் இடத்தை வெறுமையாக விட்டார். ஜனவரியில் அதைப் பாலச்சந்திரனிடம் தன் வாயால் சொன்னார். அடுத்த சனிக்கிழமை, வாசலில் நான்கு பேர் பார்த்து நிற்க, புதியதொன்றைப் பூட்டினார்.