கட்டில் கம்பியை விடாத கிரேன்

அந்த ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. எல்லோருக்கும் அவர் கிரேன். நோயாளிகளைக் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கும், தள்ளுவண்டியிலிருந்து எக்ஸ்ரே மேசைக்கும் தூக்கி மாற்றுகிற வேலை, இருபத்தாறு வருஷமாக. பார்த்தால் மலை மாதிரி ஆள் என்று நினைக்க வேண்டாம். ஒல்லி. கை மட்டும்தான் நீளம்.

நூறு கிலோ ஆளும் உடம்பை விட்டுக்கொடுத்துவிட்டால் சுலபமாக வந்துவிடுவார், நாற்பது கிலோ ஆள் பயத்தில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டால் நாலு பேர் வேண்டும் என்பது அவர் கண்ட கணக்கு. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது ஒரே வாக்கியத்தைச் சொல்லுவார்: "கம்பிய விட்டுட்டு உடம்ப என்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்."

ஒரு நாள் ஈரப் படுக்கை விரிப்பை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. முதுகெலும்பில் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். வலது கால் மரத்து, பாதம் தொங்கிப் போய், செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நடந்தார். கடைசியில் தன் வார்டிலேயே பன்னிரண்டாம் கட்டிலில் வந்து படுத்தார்.

ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி வைத்தார்கள். முதல் முறை, காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். தெர்மாமீட்டர் அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் முறை தள்ளுவண்டி வந்து நின்றதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு வேண்டாம்" என்றார். அத்தோடு சரி. சர்ஜன் வந்து அதட்டவில்லை, கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "மூணாவது தேதிதான் கடைசி. அதையும் தள்ளிப் போட்டா, பாதம் தொங்கினது தொங்கினதுதான். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பயப்படாமல் என்ன செய்வார்? ஆபரேஷன் முடிந்தும் நடக்க முடியாமல் போன நாலைந்து பேரை அவரே தூக்கியிருக்கிறார். அவர்கள் முகம் மறக்கவில்லை. அதனால் ஆண்டவரிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டு போகலாம் என்று காத்திருந்தார். முப்பது வருஷமாக ஆலயத்தில் கடைசி பெஞ்சு அவருடையது. ஜெபம் செய்வது மட்டும் வார்டில் டியூட்டி மாற்றும்போது நர்சுகள் விவரம் சொல்வது போலவே இருக்கும்: "ஆண்டவரே, பன்னெண்டாம் பெட். ஆம்பளை, வயசு அம்பத்தி மூணு. வலது காலு உணர்ச்சி இல்ல. எழுந்து நடப்பேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே போறேன்." மூன்று வாரம் சொன்னார். பதில் இல்லை.

மூன்றாவதாக வைத்த தேதி அன்று காலையில், துணிக் கம்பெனியில் பொத்தான் தைக்கும் மனைவி லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள். அவர் உதடு அசைவதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னும் கியாரண்டி கார்டுதான் கேட்டுட்டு இருக்கீங்களா? ஜெபம் பண்றீங்களா, மிக்ஸி வாங்குறீங்களா?"

"உனக்கென்ன, படுத்துக் கெடக்கறது நான்."

"ஆமா, நீங்க படுத்திருக்கீங்க, நான் நிக்கறேன். கால் வீங்கிப் போச்சு. அதையும் சேத்துச் சொல்லுங்க உங்க ரிப்போர்ட்ல."

ஒன்பது மணிக்குத் தள்ளுவண்டியோடு மொட்டை வந்தார். பதினைந்து வருஷமாக அவரோடு சேர்ந்து தூக்கியவர்.

"அண்ணே, கைய எடுங்க."

"நான் பிடிக்கலயே."

"அப்ப கம்பியில இருக்கறது யாரு கை? சர்ஜன் கையா?"

பார்த்தார். அவர் கைதான். அவருக்கே தெரியாமல் பிடித்திருந்தது. மொட்டையும் நர்சும் விரலை விடுவித்துத் தூக்கினார்கள். உடம்பு பலகையாக விறைத்தது, இடுப்பிலிருந்து குதிகால் வரை வலி வெட்டியது, இறக்கிவிட்டார்கள். கை மறுபடி கம்பிக்குப் போய்விட்டது. இன்னொரு முறை. அதே கதை. "கம்பிய விட்டுட்டு உடம்ப எங்ககிட்ட குடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார் நர்ஸ்.

தான் ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழுந்தபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அதைக் கேட்டுத் தளர்ந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. சொல்லி ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை. பிடித்துப் பிடித்து ஓய்ந்து போவார்கள், விரல் தானாக விடும், அவ்வளவுதான். மாவுக்கட்டு அறைக்கு அவர் தூக்கிப் போன குழந்தைகள் எத்தனை. உதைக்கும், கடிக்கும், ஊரைக் கூட்டும். பாதி வழியில் களைத்துப்போய் அவர் தோளிலேயே தலையைச் சாய்த்துவிடும். அந்தக் குழந்தைக்கு அவர் யாரென்றே தெரியாது. களைப்பு இருந்தது, பக்கத்தில் ஒரு தோள் இருந்தது.

சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆண்டவரிடம் போக வேண்டும் என்று ஆலயத்தில் கேட்கும்போதெல்லாம், அதற்கு வெள்ளை மனசு வேண்டும், நம்மிடம் ஏது என்று நினைத்தே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை மனசு இப்போதும் இல்லை. விசுவாசம் என்று எடுத்துக் காட்டவும் ஒன்றும் இல்லை. களைப்பு இருந்தது. மூன்று வாரக் களைப்பு, அதற்கு அடியில் இருபத்தாறு வருஷக் களைப்பு.

'அப்பா' என்றார் மனதுக்குள். ஆண்டவரை அதுவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. 'எனக்கு முடியலப்பா. வாக்கெல்லாம் வேணாம். தூக்கிக்கோங்க.'

வெளிச்சம் எதுவும் வரவில்லை. குரலும் கேட்கவில்லை. கம்பியின் குளிர் விரலை விட்டுப் போனது மட்டும் தெரிந்தது.

"ஒண்ணு, ரெண்டு" என்றார் மொட்டை. மூன்று சொல்வதற்குள் அவர் தள்ளுவண்டியில் இருந்தார்.

பின்னால் பாதம் முக்கால்வாசி சரியானது. தூக்குகிற வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அன்று காலை, நடைபாதையில் மல்லாந்து போகும்போது, அது எதுவும் அவருக்குத் தெரியாது. பயம்கூட முழுசாகப் போகவில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"அந்த ஃபேன்ல எவ்வளவு தூசி பாருங்கப்பா. இருவத்தாறு வருஷமா இதுக்குக் கீழயே போயிருக்கேன், ஒரு நாளும் பாத்ததில்ல."

"அப்பாவா? நான் உங்களுக்கு நாலு வயசு சின்னவன்" என்றார் மொட்டை.

"உன்கிட்ட பேசல."

மொட்டை அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிக்கு ஈடுகொடுத்து நடந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"சுவத்துல அது பல்லியா, விரிசலாப்பா? விரிசல்தான். நீங்க கூடவே உள்ள வருவீங்கல்ல?"

மொட்டைக்குக் கோயில், ஆலயம் எதிலும் பழக்கம் இல்லை. ஆனாலும் வண்டியின் வேகத்தைக் குறைத்து, குனிந்து, மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, அப்படியே என் முட்டி வலியையும் அவருகிட்ட சொல்லி வைங்களேன்."

"நீயே சொல்லு" என்றார் கிரேன். "பக்கத்துலதான் வர்றாரு."