கவுண்ட் சரியாகத்தான் இருந்தது

பல் பிடுங்கிய அன்று அக்காவுடன் இருந்தவர்கள் நானும் அம்மாவும்தான். மாமா (அக்காவின் கணவர்) இல்லை. லாரியோடு ஹூப்ளி போயிருந்தார்.

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் ஒரு சின்ன கிளினிக். அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். பல் வந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. மறுநாள் ரத்தப் பரிசோதனை செய்தோம். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எந்தக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். பிளேட்லெட் (தட்டணு, ரத்தம் உறைய உதவுவது) எண்ணிக்கையைப் பார்த்தேன். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.

“கவுண்ட் நார்மல்மா. ஒண்ணும் பயமில்ல.”

டெங்கு காலத்தில் இந்த ஊரே கேட்பது ‘கவுண்ட் எவ்ளோ?’ என்றுதான். எண் நன்றாக இருந்தால் கவலை விட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். என் பேச்சை வீட்டில் யாரும் மறுப்பதில்லை. நான்காம் நாள் காலை, வாயில் பஞ்சோடு எழுந்த அக்கா தலைசுற்றி விழுந்தாள்.

பெரிய மருத்துவமனையில் ரத்தமும் பிளேட்லெட்டும் ஏற்றினார்கள். கசிவு நின்றது. உறைதல் பரிசோதனைகள் எல்லாமே சரியாக வந்தன. வேறொருவராக இருந்தால் அனுப்பி வைத்திருப்பார். அங்கிருந்த ரத்தவியல் மருத்துவர் விடவில்லை. கன்னடப் பெண்மணி, தமிழ் பேசுவார்.

“இன்னொருத்தர் பிளேட்லெட் போட்டா நிக்குது. அப்போ இவங்க பிளேட்லெட்லதான் ஏதோ இருக்கு” என்றார்.

அக்காவின் ரத்தத்தையும், ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தத்தையும் எடுத்தார். சில நாள் கழித்துத் திரையில் இரண்டையும் காட்டினார். என்னுடையதில் புள்ளிகள் மணல் கொட்டியதுபோல. அக்காவுடையதில் அந்த இடம் ஏறக்குறைய வெறுமை.

அவர் சொல்லித்தான் தெரிந்தது. காயம் பட்டால் பிளேட்லெட் சும்மா ஒட்டிக்கொள்வதில்லை. தன் மேல்தோலிலிருந்து நுண்துகள்களை உதிர்க்கிறது; திரையில் பார்த்த புள்ளிகள் அவைதான். உறையவைக்கும் புரதங்கள் வந்து அமர்ந்து வேலை செய்ய அந்தத் தோல்தான் இடம். உயிரணு என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு துணுக்கு, ஒரு மனுஷியின் ரத்தத்தைப் பிடித்து நிறுத்துகிறது! அக்காவின் பிளேட்லெட்டுகள் அந்தத் துகள்களை உதிர்ப்பதில்லை. பிறவியிலேயே வரும், மிக அரிதான குறை.

கார்மெண்ட்ஸில் தைக்கும் அக்கா உடனே பிடித்துக்கொண்டாள். “லைன்ல எல்லாரும் வந்துட்டாங்க, மிஷின்தான் ஓடல. அதானே மேடம்?”

மருத்துவர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

“பிரசவத்துல என்னா ஆவும்?”

“தெரியாமப் போயிருந்தா உயிருக்கே ஆபத்தும்மா. இப்ப தெரியும். ரெடியா போலாம்.”

வெளியே வந்ததும் அம்மாவிடம் மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள். “ஏய் டாக்டரு, இனிமே நம்பரப் பாத்து சொல்லாத. என் மூஞ்சப் பாத்து சொல்லு.”

இதைப் படிக்கும் உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். எண் சரியாக இருந்தும் ரத்தம் நிற்காவிட்டால் வீட்டில் உட்காராதீர்கள்.

பிளேட்லெட் பை ஐந்து நாள்தான் தாங்கும். அதனால் நாள் குறித்து, வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்தார்கள். முன்பு பி.ஜி.யில் (பணம் கட்டித் தங்கும் விடுதி) என்னோடு தங்கியிருந்த இருவர் லீவு போட்டு வந்து ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். ஒன்று பிரசவத்துக்கு முன், ஒன்று பின். மாமா இந்த முறை இருந்தார், வராந்தாவில் நின்றபடியே. பெண் குழந்தை. மருத்துவர் தாமே வந்து துணியைப் பார்த்துவிட்டு, “நின்னுபோச்சு” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் ஐந்து மாதம் உழைத்திருந்தார்.

இப்போது சவரம் செய்யும்போது கீறிக்கொண்டால் துடைப்பதில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டு மூன்று நிமிடத்தில் தானே அடங்குகிறது. அத்தனை நேரத்துக்குள் எனக்குள் எவ்வளவு பேர் ஓடி வந்திருப்பார்கள் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இருபத்தாறு வருடமாக ஒருமுறைகூட நான் கவனித்ததில்லை.

புள்ளிகள் காட்டிய அந்தப் பரிசோதனைக்கு மருத்துவர் காசு வாங்கவில்லை. பைகள், மருந்து, படுக்கை எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய்.