காய்ந்த மலையை நகட்டச் சொன்ன தலைவர்

போன வருசம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில், தெருக் குடிலுக்கு நான் செய்த காகித மலை நன்றாகக் காய்ந்து நின்றது. சூசைத் தம்பி வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "யக்கா, அந்த மலையைச் செத்த இடது பக்கம் நகட்டிருங்க" என்றார்.

சூசை எங்கள் தெரு இளைஞர் மன்றத் தலைவர். பேரன் எடுத்துவிட்டார், இன்னும் இளைஞர்தான். இடம் வாங்கி விற்கிற தொழில். மலையையும் பிளாட் என்று நினைத்துவிட்டார் போல.

நான் திண்டுக்கல்லில் ஒரு ஜோடனைக் கடையில் தலை நரைக்கிற வரைக்கும் வேலை பார்த்தவள். சப்பரம், கல்யாண மேடை, குடில் எல்லாம் செய்திருக்கிறேன். கடையை மூடியபின் வீட்டிலிருந்து செய்கிறேன், அதுதான் எனக்குச் சோறு. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதினால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

1. சாமி வேலை

தெருக் குடிலை வருசா வருசம் சும்மாதான் செய்து கொடுக்கிறேன். குடிலில் பிறக்கிற பாலனுக்குச் செய்கிறது, அதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஒரு வருசம் மட்டும், சிமெண்டு மூட்டைக் காகிதத்தையாவது மன்றத்தில் வாங்கித் தரச் சொன்னேன்.

"என்னக்கா, சாமி வேலைக்குப் போய்க் கணக்குப் பாக்குறீங்க?" என்றார் சூசை.

அன்றைக்கு மைக்செட்டுக்காரருக்குப் பணம் போனது. பிரியாணி மாஸ்டருக்கு அட்வான்ஸ் போனது. அவர்கள் செய்ததெல்லாம் எந்தச் சாமி வேலை என்று தெரியவில்லை. நான் "சரி தம்பி" என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

2. பெத்லகேமுக்கு பஸ்

குடில் மலை செய்கிற விதம் இது. மைதாவில், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சணும். கட்டி விழாமல் அடுப்படியில் நின்று கிண்டணும், தோள்பட்டை கழண்டுவிடும். கசக்கிய மூட்டைக் காகிதத்தை அதில் முக்கி, குச்சிக் கூட்டின் மேல் போர்த்தணும். ஈரமாக இருக்கிறவரை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். காய்ந்தால் பலகை மாதிரி ஆகிவிடும். பிறகு வெட்டத்தான் முடியும்.

போன வருசம் ஈரத்தில் இருக்கும்போதே சூசை வந்தார். "சிறுமலை ரோடு மாதிரி வளைவு வளைவா வேணும்க்கா." வைத்தேன். மறுநாள், "அதுல ஒரு பஸ்ஸு விடுங்க."

"பெத்லகேமுக்கு பஸ்ஸா தம்பி?"

"புள்ளைக பாத்துச் சிரிக்கும்ல."

அட்டையில் பஸ் செய்து வைத்தேன். நிஜச் சிறுமலைக்குப் போகிற பஸ்ஸுக்கு ஜனங்கள் பைக்கட்டோடு காத்துக் கிடக்கிறார்கள். எங்கள் குடிலில் மட்டும் அது தவறாமல் நின்றது. அடுத்து அருவி கேட்டார். அதுவும் வந்தது. எல்லாவற்றுக்கும் "சரி தம்பி"தான்.

கடைசியாகத்தான் மலையை நகட்டச் சொன்னது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பின்னால் அவர் படம் போட்ட பிளெக்ஸ் கட்டியிருந்தார். மலை அவர் முகத்தை மறைத்தது. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், "குடில் வடிவமைப்பு: தலைவர் சூசை."

3. பசைச் சட்டி

அன்று சாயங்காலம்தான் துணிக்கடை வைத்திருக்கிற ஓர் அம்மா வருவதாக இருந்தது. அவர்கள் ஒட்டன்சத்திரம் பக்கம். தை மாதம் மகள் கல்யாணம், மேடை ஜோடனைக்கு ஆள் பார்த்தார்கள். "உங்க கைவேலையை நேருல பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்று போனில் சொல்லியிருந்தார்கள். அது கிடைத்தால் எனக்கு அடுத்த மழைக்காலம் வரை கவலையில்லை. மலையை வெட்டினால் சாயங்காலத்துக்குள் காயாது. காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

"காஞ்சிருச்சு தம்பி. இனிமே முடியாது" என்றேன். சேலை முந்தியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"உங்களுக்கென்னக்கா, கைவந்த வேலை. அஞ்சு நிமிசம்."

பசைச் சட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, பாலன் படுக்கிற குட்டிக் கொட்டகைக்கு வைக்கோல் வேய உட்கார்ந்துவிட்டேன்.

தலைவருக்கு ரோசம் வந்துவிட்டது. வெள்ளைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, அரிவாளால் மலையை வெட்டி, இரண்டு பேரை வைத்து இடது பக்கம் ஒட்டினார். நின்றது. மத்தியானத்துக்கு மேல் மெதுவாகச் சரிந்தது. எருமை படுத்துக் கிடக்கிற மாதிரி ஆகிவிட்டது. அடியில் மாட்டிய பொம்மை ஒட்டகத்துக்குக் கழுத்து மட்டும் வெளியே. பஸ் குப்புறக் கிடந்தது.

துணிக்கடை அம்மா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். சரிந்த மலையைச் சுற்றி வந்து பார்த்தார்கள். "ஏனுங்க, இந்த மலை யாரு செஞ்சதுங்க?"

சூசை என்னைக் கைகாட்டினார். "எல்லாம் அக்கா வேலைதாங்க. வயசாயிருச்சு, பாவம்."

அந்தம்மா நிமிர்ந்து பிளெக்ஸை வாசித்தார்கள். "போர்டுல உங்க பேருதானுங்களே போட்டிருக்குது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் தன் படத்தையே திரும்பிப் பார்த்தார். படம் மட்டும் கும்பிட்டுக்கொண்டு நின்றது.

அந்தம்மா குனிந்து கொட்டகையின் கூரையைத் தொட்டுப் பார்த்தார்கள். "இது?"

"நான் செஞ்சது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "மலையும் காலையில நல்லாத்தான் இருந்துச்சு. நான் செஞ்ச மலையை வெட்டிட்டாக."

மேடை வேலை எனக்கே கிடைத்தது.

சும்மா செய்து கொடுங்கள், தப்பில்லை. ஆனால் பசை காய்கிற வரைக்கும்தான் யோசனை சொல்லலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பேச வராதவர்களுக்கு என் வழி இருக்கிறது: யோசனை சொல்ல வருகிறவரிடமே பசை வேலையைக் கொடுத்துவிடுங்கள். இந்த வருசமும் சூசை வந்தார். "யக்கா, குடிலு?"

"செஞ்சிருவோம் தம்பி. அடுப்புல மைதா கிடக்கு, கட்டி விழாம கிண்டு."

"இடம் பாக்க ஒரு பார்ட்டி வருதுக்கா, பேசிட்டு இந்தா வாரேன்" என்று போனார். பசையை நானே கிண்டி மலையை முடித்துவிட்டேன். காய்ந்தும் விட்டது. தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் போல.