பழுப்புச் சட்டைக்குப் பச்சை நூல்

சட்டைக்குப் பொத்தான் தைக்கப் பழுப்பு நூல் கேட்டேன். மகன் பச்சை நூலைக் கொண்டுவந்து நீட்டினான். வேலை முடிந்து வந்த அசதியில் சுவரில் சாய்ந்தேன். அப்பாவும் இப்படித்தான் நூலை மாற்றி எடுப்பார்.

எண்பதுகளில் அப்பா அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்தார். வெள்ளைப் பனியன் மட்டும் இருந்தவரை அவருக்குச் சிக்கலில்லை. எக்ஸ்போர்ட் ஆர்டரோடு கலர் துணி வந்ததும், பழுப்புத் துணியில் பச்சை நூலை ஓட்டிவிட்டு ஏச்சு வாங்கினார்.

"தையலுக்கு வர்றதுக்கு முன்னால சாயப்பட்டறையில நின்னேனுங்க. அந்த ஆவி கண்ணைக் கெடுத்துப்போடுச்சுங்க," என்பார்.

அம்மாவும் அதை நம்பினாள். சாயங்காலம் மிஷின் எண்ணெய் வாசத்தோடு அவர் வந்து படுத்ததும், ஈரமான நந்தியாவட்டைப் பூக்களை மூடிய கண்களின் மேல் வைப்பாள். குளிர்ச்சியில் அவர் முகம் இளகும். மறுநாளும் பச்சை அவருக்குப் பழுப்பாகத்தான் இருக்கும். சாயத்தைத் திட்டியபடியே போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் மகனைச் சோதித்த கண் டாக்டர், அப்பாவின் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இந்த நிறக்குருடு சாயத்தால வந்ததில்லீங்க, பொறவியிலயே இருக்கறது. உங்கப்பாகிட்டயிருந்து உங்க வழியாப் பையனுக்கு வந்திருக்குதுங்க. பொண்ணுங்களுக்குப் பார்வையில பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. ஆனா பிள்ளைகளுக்குக் குடுக்க வாய்ப்பிருக்குதுங்க."

மகள் வந்து தம்பி கையிலிருந்த பச்சை நூலை வாங்கிக்கொண்டு பழுப்பு நூலை என்னிடம் கொடுத்தாள்.

"எனக்கு எல்லாக் கலரும் நல்லாத் தெரியுதும்மா," என்று சிரித்தாள்.

ஊசியில் நூலைக் கோத்தேன். எனக்கும் நன்றாகத்தான் தெரிகிறது.