மூக்கு கானெபாவின் சனிக்கிழமைகள்

ரெமிஹியோ கானெபாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. சொத்துப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷமாக முத்திரை குத்துகிறார். அங்கே அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மூணாவது ஜன்னல்" என்பார்கள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் கதையே வேறு. பலெர்மோ, சகாரிட்டா, சான் தெல்மோ என்று பியூனஸ் அயர்ஸின் ஒயின் பார்கள் எல்லாவற்றிலும் அவர் பேர் 'மூக்கு'. மூக்கு வருகிறார் என்றால் நல்ல மேசை காலியாகும். அவருக்குப் பின்னால் ஆறேழு பேர் சாமி புறப்பாடு மாதிரி வருவார்கள். அவர் கோப்பையை ஒரு சுழற்று சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடுவார். மற்றவர்களும் கண்ணை மூடுவார்கள். "காய்ந்த அத்திப்பழம். கொஞ்சம் குதிரைச் சேணம்" என்பார். "ஆமா ஆமா, சேணம்!" என்பார்கள், ஆயுளில் குதிரைப் பக்கமே போகாதவர்கள். ஒன்பது வருஷமாக இது நடக்கிறது.

இத்தனைக்கும் அவர் போலி இல்லை. அந்த மூக்கு நிஜமாகவே அபூர்வமான மூக்கு. நெலிதா, அவர் மனைவி, அடுப்பில் வெங்காயம் போட்டால் இரண்டாம் மாடிப் படிக்கட்டிலேயே எத்தனை வெங்காயம் என்று சொல்லிவிடுவார். நெலிதாவுக்கு இதில் பெருமை எதுவும் கிடையாது. அவள் ஒயினில் ஐஸ் போட்டு, சோடா பீய்ச்சி, வெயிலுக்கு இதமாக மடமடவென்று குடிக்கிற ஜாதி. அவள் சோடா பீய்ச்சும் சைஃபனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ரெமிஹியோ முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன மார்ச்சில் ஒரு ஜலதோஷம் வந்தது. நாலு நாளில் காய்ச்சல் போனது, வாசனையையும் கூட்டிக்கொண்டு போனது. ஒருநாள் காலை பால் பொங்கிக் கருகி, வீடு முழுக்கப் புகை. ரெமிஹியோ பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏ குண்டா, மூக்கு எங்க போச்சு?" என்றாள் நெலிதா. அவர் ஒல்லிக்குச்சி. ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அவர் குண்டன்தான்.

டாக்டர் நரம்பு என்றார், திரும்ப வந்தாலும் வரும், வராமல் போனாலும் போகும் என்றார். இதைச் சொல்வதற்குப் பத்து வருஷம் படித்திருக்கிறார்.

"சனிக்கிழமை கோஷ்டிகிட்ட சொல்லிடு," என்றாள் நெலிதா.

"சொன்னா அடுத்த சனிக்கிழமை யார் வருவா? ஏழு நாளும் நான் மூணாவது ஜன்னலாவே இருக்கணுமா?"

சொன்னால் அவருக்கு எது போய்விடும் என்று நெலிதாவுக்குத் தெரியும்.

ரெமிஹியோ சொல்லவில்லை. லேபிளைப் பார்ப்பார், திராட்சை, ஊர், வருஷம் பார்ப்பார், ஞாபகத்திலிருந்து எடுத்துவிடுவார். புளிப்பும் கசப்பும் நாக்கில் தெரிந்தன, மிச்சத்தை வாய் பார்த்துக்கொண்டது. எட்டு மாதம் ஓடியது. ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காதது மட்டுமா? "உங்க மூக்கு இந்த வருஷம் இன்னும் கூர்மையாயிடுச்சு வாத்தியாரே" என்றாள் பல் டாக்டர் பெர்லா. அன்றைக்கு அவர் தூங்கவே இல்லை.

நவம்பரில் சகாரிட்டாவில் ஃபப்ரீசியோ என்ற இளம் தாடிக்காரன் 'ஈர இலை' என்று ஒரு பார் திறந்தான். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் விட்டிருந்தான். காசு இல்லை என்று நினைக்கக்கூடாது, அதுதான் அழகாம். முதல் சனிக்கிழமைக் கூட்டம் நன்றாக அமைந்தால் இனி எல்லாச் சனிக்கிழமையும் ரெமிஹியோவின் பேரைக் கரும்பலகையில் எழுதி, கூட்டத்தைத் தன் பாரிலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணி, இன்னும் வெயில் இருந்தது. ரெமிஹியோவைத் தவிர ஏழு பேர் மேசையைச் சுற்றி. தெற்கே ரியோ நெக்ரோவிலிருந்து வந்த பழைய வெள்ளை ஒயினை ஃபப்ரீசியோ ஊற்றினான். ரெமிஹியோ வழக்கம்போல் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது எல்லோர் மூக்கும் சுருங்கியிருந்தது.

"வாத்தியாரே, ஒரு மாதிரி வாடை வருதே?" என்றார் இன்ஜினியர் ஹெர்னான். "முட்டைக்கோஸ் அழுகின மாதிரி?"

ரெமிஹியோ கோப்பையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். அவருக்கு ஒன்றுமே வரவில்லை. ஆனால் எட்டு மாதப் பழக்கம் கைகொடுத்தது.

"வரத்தான் செய்யும்," என்றார். "பன்னிரண்டு வருஷம் பாட்டில்ல மூச்சுவிடாம அடைஞ்சு கிடந்திருக்கு. கோப்பையை நல்லா சுத்துங்க, போயிடும்."

ஏழு பேரும் சுற்றினார்கள்.

"போகலையே, கூடுதே!" என்றாள் பெர்லா.

"கூடுதா? அப்ப ரொம்ப உசத்தியான ஒயின்!"

"எனக்குக் கொஞ்சம் தலை சுத்துது," என்றார் ஹெர்னான் பரவசமாக.

"மட்டமான ஒயின் தலையைச் சுத்த வைக்குமா? சொல்லுங்க."

ஆளாளுக்கு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் 'பூண்டு' என்று எழுதினார். இன்னொருவர் 'எரிமலை' என்று எழுதி அடிக்கோடு போட்டார். ரெமிஹியோவுக்குத் தெம்பு வந்துவிட்டது. தெம்பு வந்தால் மனிதனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

"ஃபப்ரீசியோ, ஒரு மெழுகுவர்த்தி ஏத்திக் கொண்டாப்பா. நிறத்தையும் பார்த்துடுவோம்."

ஃபப்ரீசியோ தீப்பெட்டியைத் தேடி எடுத்தபோது தெருக்கதவு திறந்தது. சமையல்காரி ஸுல்மா முட்டை வாங்கப் போனவள் திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அட மூதேவிங்களா! கேஸு! கேஸு வீசுது!"

"ஸுல்மா, இது ஒயினோட…" என்று ஆரம்பித்தார் ரெமிஹியோ.

"ஒயினா? என் அடுப்புக் குழா கழண்டு கிடக்குய்யா! தாடி, அந்தத் தீப்பெட்டியை உரசுனே, உன் கையை ஒடிச்சிருவேன்! எந்திரிங்க எல்லாரும்!"

முட்டையைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வால்வைத் திருகினாள், ஜன்னல்களைத் திறந்தாள், ஒவ்வொருவராகப் பிடித்து வெளியே தள்ளினாள். ஹெர்னான் கோப்பையோடுதான் வந்தார்.

நடைபாதையில் ஜகரண்டாப் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. எல்லோரும் இருமினார்கள். ரெமிஹியோ திறந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் ஆகியிருந்தால் ஏழு பேரையும் கொன்றிருப்பார். அதற்குமேல் அவரால் மூடி வைக்க முடியவில்லை.

"எனக்கு வாசனை தெரியாது," என்றார். "எட்டு மாசமா. மார்ச்சிலிருந்து ஒண்ணுமே தெரியலை. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

திட்டுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் திட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெர்லா அவர் பக்கத்தில் வந்தாள்.

"இதுல மன்னிக்க என்ன இருக்கு வாத்தியாரே? எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்லையே."

"எது?"

"அத்திப்பழம், சேணம், எதுவுமே. எனக்கு ஒயின்னா ஒயின் வாசனைதான் வரும். நீங்க சொல்லுவீங்க, நானும் தலையாட்டுவேன்."

"எனக்கும் அப்படித்தான்," என்றார் ஹெர்னான், நிம்மதிப் பெருமூச்சோடு. "நான் மட்டும்தான்னு இத்தனை நாளா வெட்கப்பட்டுட்டிருந்தேன்."

மற்றவர்களும் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். பாவமன்னிப்பு கேட்டு வந்தவர்கள் மாதிரி எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு.

"இருங்க," என்றார் ரெமிஹியோ. "மூணு வருஷம் முன்னாடி, சான் தெல்மோவுல. அந்த சிவப்பு ஒயின். முதல் மழை மண்ணுல விழுந்த வாசனை. எனக்கு எங்க அம்மா துணி எடுக்க மாடிக்கு ஓடுனது ஞாபகம் வந்துச்சு. பெர்லா, நீங்க அன்னிக்கு அழுதீங்க."

"நீங்க அழுதீங்க," என்றாள் பெர்லா மெதுவாக. "அதைப் பார்த்து எனக்கும் வந்துடுச்சு."

ரெமிஹியோ நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த மழையை எட்டுப் பேர் சேர்ந்து முகர்ந்தோம் என்று அவர் நம்பியிருந்தார். தன் மூக்குப் போனாலும் இந்த ஊரில் இன்னும் ஏழு பேரிடம் அது பத்திரமாக இருக்கிறது என்பதுதான் எட்டு மாதமாக அவருக்கிருந்த ஒரே ஆறுதல்.

ஃபப்ரீசியோ முட்டை ஓடு ஒட்டிய செருப்போடு முன்னால் வந்தான். "அடுத்த சனிக்கிழமைக்குள்ள அடுப்பைச் சரிபண்ணிடுவேன். ஆறு மணிக்கே வச்சுக்கலாமா வாத்தியாரே?"

"ஆறு மணி சரிதான்," என்றார்கள் எல்லோரும். "பலகையில பேரைப் பெரிசா எழுதுப்பா."

உண்மை தெரிந்தால் எல்லோரும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் அவர் பயந்திருந்தார். ஒருத்தர்கூடப் போகவில்லை. போயிருக்கலாம் என்று ரெமிஹியோவுக்குத் தோன்றியது.